கையைத் தூக்கச் சொல்லாதீர்கள்

மலையகத் தொழிற்சங்கத் தலைவர்மாருக்கு,

வணக்கம். நான் தோட்டத்தில் பிறந்தவன். இப்போது கொழும்பில் மென்பொருள் வேலை செய்கிறேன்.

வேலைநிறுத்தத்தைத் தொடர்வதா என்று முடிவுசெய்ய எங்கள் கோயில் முற்றத்தில் ஒருமுறை கூட்டம் போட்டார்கள். "வேணாம்னு சொல்றவங்க கை தூக்குங்க" என்றார் தலைவர். அம்மாவின் கை, கொழுந்துக் கறையேறிய விரல்களோடு, தோள்வரை வந்தது. தலைவரின் முகத்தைப் பார்த்தார். அப்புறம் முக்காட்டைச் சரிசெய்வதுபோல இறக்கிவிட்டார். "ஏகமனதாக" என்று கூட்டக் குறிப்பில் எழுதினார்கள்.

யார் எந்தப் பக்கம் என்பது தோட்டத் துரைக்குத் தெரியக்கூடாது என்று நாம் மறைப்பது சரி. உங்களுக்கும் தெரியாமல் வாக்களிக்க அம்மா போன்ற பெண்களுக்கு ஒரு வழி வேண்டும்.

வழி இருக்கிறது. பூச்சிய அறிவு நிரூபணம் என்று பெயர். ஒரு விஷயம் உண்மை என்பதைத் தவிர வேறெதையும் வெளிவிடாமல் நிரூபிப்பது. கோல்ட்வாசர், மிக்காலி, ராக்கொஃப் ஆகிய மூவரும் 1985ல் முன்வைத்தது. இன்று எதேரியம் என்ற பிளாக்செயினில், அதாவது பல கணினிகளில் பரவிக் கிடக்கும், எழுதியதை எளிதில் மாற்ற முடியாத பொதுப் பதிவேட்டில், செமஃபோர் என்ற நெறிமுறை இதை வைத்தே இயங்குகிறது. சந்தா கட்டும் ஒவ்வொருவரின் போனிலும் ஓர் இரகசிய எண் உருவாகும். அதிலிருந்து கணித்த ஒரு முத்திரை மட்டும் அங்கத்தவர் பட்டியலில் சேரும். முத்திரையை வைத்து எண்ணைக் கண்டுபிடிக்க முடியாது. வாக்களிக்கும்போது, "இந்தப் பட்டியலில் நானும் ஒருத்தி" என்று போன் நிரூபிக்கும். எந்த ஒருத்தி என்று சொல்லாது. கூடவே அந்த வாக்கெடுப்புக்கு மட்டுமான ஓர் அடையாளக் குறியும் போகும். அதே ஆள் மறுபடி போட்டால் அதே குறி வரும், இரண்டாவது வாக்கு தள்ளப்படும். எல்லாம் பிளாக்செயினில் கிடப்பதால் யாரும் எண்ணிப் பார்க்கலாம். சங்க அலுவலகத்தில் ஒருவர் எண்ணி அறிவிக்கும் வரை காத்திருக்க வேண்டியதில்லை.

ஆனால் பட்டியலில் பெயர் இல்லாதவருக்கு இந்தக் கணிதம் எதுவுமே செய்யாது. பட்டியலில் இல்லாமல் போவது என்னவென்று நம்மைவிட யாருக்குத் தெரியும்? 1931ல் வந்த சர்வசன வாக்குரிமை நம்மவர்களுக்குக் கட்டுப்பாடுகளோடுதான் கிடைத்தது; அதுவும் 1948 குடியுரிமைச் சட்டத்தாலும் அடுத்த வருடத் தேர்தல் சட்டத் திருத்தத்தாலும் பெற்றிருந்தவர்களில் மிகப் பெரும்பாலோரிடமிருந்து போனது. மிச்சமிருந்த நாடற்றவர்களுக்குக் குடியுரிமை கொடுக்கும் சட்டம் 2003 வரை இழுத்தது. ஆகவே அங்கத்தவர் பட்டியலை முதலில் கொழுந்து மடுவத்தில் ஒட்டுங்கள். விடுபட்டவர்கள் வந்து கேட்க இரண்டு வாரமாவது கொடுங்கள்.

பக்கத்தில் நின்று மிரட்டுபவனையும் இது தடுக்காது. பல லயங்களில் வீட்டுக்கு ஒரு போன்தான், அதுவும் மகன் கையில். அதனால் வாக்களிக்கும் இடத்தில் ஒரு மறைப்புத் தட்டி கட்டாயம் வேண்டும். பத்துப் பேர் மட்டும் வாக்களித்தால் யார் என்ன போட்டார்கள் என்று ஊகித்துவிடலாம். அதனால் நான்கைந்து தோட்டங்களைச் சேர்த்து நடத்துங்கள்.

சம்பள விஷயத்தில் உடனே தொடங்கச் சொல்லவில்லை. அடுத்த தோட்டக் கமிட்டித் தெரிவை மட்டும் இப்படி நடத்திப் பாருங்கள். மென்பொருளை அமைத்துத் தருகிறேன், காசு வேண்டாம். ஞாயிற்றுக்கிழமைகளில் லயம் லயமாக வந்து சொல்லியும் கொடுக்கிறேன்.

இப்படிக்கு,
ஒரு கொழுந்துக்காரியின் மகன்