அம்மாவுக்கு வாக்கு இருந்தது, அக்காவுக்கு இல்லை: பிரித்தானியப் பாராளுமன்ற உறுப்பினர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்புக்குரிய உறுப்பினர்களே,

வணக்கம். கிழக்கு லண்டன் ஈஸ்ட்ஹாமிலிருந்து எழுதுகிறேன். இந்த மடலை என் அக்காவின் மகள் ஆங்கிலத்தில் எழுதி எங்கள் தொகுதி உறுப்பினருக்கு அனுப்பிவைப்பாள். ஆனால் முதலில் தமிழில்தான் எழுத வேண்டும் என்று நினைத்தேன். பிரித்தானியா ஐரோப்பிய ஒன்றியத்தை விட்டுப் போவதா, அதிலேயே இருப்பதா என்று கேட்ட 2016 வாக்கெடுப்பின் சண்டை எங்கள் வீட்டில் தமிழில்தான் நடந்தது. இன்னும் எத்தனையோ தமிழ் வீடுகளில் நடந்திருக்கும். அவர்களும் இதை வாசிக்க வேண்டும்.

எங்கள் குடும்பத்தைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். மூன்று பிள்ளைகள், மூன்று கடவுச்சீட்டுகள். அண்ணா எண்பதுகளின் கடைசியில் லண்டனுக்கு வந்து பிரித்தானியக் குடியுரிமை எடுத்தவர். அக்கா 1991இல் ஜேர்மனிக்குப் போனவர். அங்கே ஹாம் நகரில் பதினைந்து ஆண்டுகள் இருந்து ஜேர்மன் குடியுரிமையும் எடுத்துவிட்டு, பிள்ளைகள் ஆங்கிலத்தில் படிக்கட்டும், சொந்தக்காரர் பக்கத்தில் இருக்கட்டும் என்று 2006இல் ஈஸ்ட்ஹாமுக்கு வந்தார். ஜேர்மனி, பிரான்ஸ், ஹொலண்ட், டென்மார்க் என்று அகதிகளாகப் போய் அந்தந்த நாட்டுக் குடியுரிமை பெற்ற ஈழத்தமிழர் பலர் இப்படித்தான் இங்கே வந்தார்கள். நான் கடைக்குட்டி. 2011இல் மாணவர் விசாவில் வந்தேன். 2016இல் என்னிடம் இருந்தது இலங்கைக் கடவுச்சீட்டும் வேலை விசாவும்தான்.

அம்மா கொக்குவிலில் தனியாக இருந்தார். அப்பா போனபிறகு அவரை இங்கே கூப்பிட வேண்டும் என்று முதலில் விண்ணப்பம் போட்டது அண்ணா. ஆனால் 2012 ஜூலையில் நீங்கள் சட்டத்தை இறுக்கியிருந்தீர்கள். வயதான தாய் தகப்பனைக் கூப்பிடுவதானால், அவர்களால் தங்கள் அன்றாட வேலைகளைத் தாங்களே செய்ய இயலாத நிலை இருக்க வேண்டும். அதோடு, காசு கொடுத்தாலும் அந்தப் பராமரிப்பு சொந்த நாட்டில் கிடைக்காது என்றும் காட்ட வேண்டும். அம்மா தானே சமைத்துச் சாப்பிட்டுக்கொண்டிருந்தவர். விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டது. பிரித்தானியப் பிரசையான மூத்த மகனால் அம்மாவைக் கூப்பிட முடியவில்லை.

அக்காவால் முடிந்தது. ஒன்றியத்தின் சுதந்திர நடமாட்ட விதிப்படி, வேறொரு உறுப்பு நாட்டில் வந்து வாழும் ஐரோப்பியப் பிரசை, தன்னில் தங்கியிருக்கும் பெற்றோரைக் கூட்டிவரலாம். மாதாமாதம் காசு அனுப்பிய பற்றுச்சீட்டுகளை எல்லாம் அக்கா ஒரு சப்பாத்துப் பெட்டியில் சேர்த்து வைத்திருந்தார். அதைக் காட்டினார். 2014 கார்த்திகையில் அம்மா ஹீத்ரோவில் வந்து இறங்கினார்.

இதை இவ்வளவு விரிவாகச் சொல்வதற்குக் காரணம் உண்டு. 2016 வாக்கெடுப்பில் அண்ணா வெளியேறுவதற்கு வாக்களித்தார். அவர் இனவாதி இல்லை, விவரம் தெரியாதவரும் இல்லை. கிட்டத்தட்ட முப்பது வருடமாக இந்த நாட்டுக்கு வரி கட்டியும் பெற்ற தாயைக் கூப்பிட முடியாத ஒரு மகன். "ஐரோப்பாவுக்குத் திறந்திருக்கும் கதவைச் சாத்தினால்தான் எங்களுக்கு ஒரு கதவைத் திறப்பார்கள்" என்று அவர் நம்பினார். அந்த நம்பிக்கை தானாக முளைக்கவில்லை. ஒன்றியத்தை விட்டுப் போனால் தெற்காசியாவிலிருந்து சமையற்காரரைக் கூப்பிடலாம், கறி உணவகங்களைக் காப்பாற்றலாம் என்று அப்போது அமைச்சராக இருந்த பிரீத்தி பட்டேல் உட்படப் பலர் பிரசாரம் செய்தார்கள். அண்ணாவின் சிநேகிதர் பலர் கடை நடத்துகிறவர்கள். பேச்சு அங்கிருந்துதான் வந்தது.

சரி, வாக்கெடுப்பு நடந்த அந்த ஜூன் 23ஆம் திகதிக்கு வருகிறேன். லண்டனில் அன்று விடிய முன்னமே பெருமழை. தெருவெல்லாம் வெள்ளம், ரயில்கள் ஓடவில்லை. வாக்காளர் அட்டை எனக்கும் வந்திருந்தது, அம்மாவுக்கும் வந்திருந்தது. அக்காவுக்கு வரவில்லை. ஏழு வாரத்துக்கு முன், மே 5இல், லண்டன் மேயர் தேர்தலில் அக்கா வாக்களித்திருந்தார். அதே வாக்குச்சாவடி, அதே மேசை. ஆனால் இந்த முறை உரிமை இல்லை. இலங்கை போன்ற பொதுநலவாய நாட்டுப் பிரசைகள் வாக்களிக்கலாம், ஐரோப்பியப் பிரசைகள் வாக்களிக்கக் கூடாது (அயர்லாந்து, மால்டா, சைப்பிரஸ் நாட்டவர் தவிர) என்று 2015ஆம் ஆண்டின் சட்டத்தில் நீங்கள் எழுதியிருந்தீர்கள். அதனால் இந்த நாட்டுக்கு வந்து ஐந்து வருடமான எனக்கு வாக்கு. வந்து ஒன்றரை வருடமே ஆன, ஆங்கிலம் தெரியாத அம்மாவுக்கும் வாக்கு. பத்து வருடம் இங்கே வேலை செய்து, அம்மாவைக் கூட்டிவந்து வைத்துப் பார்த்த அக்காவுக்கு இல்லை.

அம்மா வெளிக்கிட்டு வாசலில் நின்று, குடையைக் கையில் பிடித்தபடி அக்காவைக் கேட்டார். "எதுக்குப் போட, சொல்லு பிள்ளை. என்ர வோட்டு உன்ர வோட்டுத்தானே." அக்கா ஒன்றும் சொல்லவில்லை. உள்ளே போய் அம்மாவின் கம்பளிச் சால்வையை எடுத்துவந்து போர்த்திவிட்டார். சாவடியில் நூலில் கட்டியிருந்த பென்சிலால் அம்மா நிதானமாகப் புள்ளடி போட்டார். ஊரில் எத்தனை தேர்தலில் போட்டவர், கை நடுங்கவில்லை. வெளியே வந்ததும் "பெரியவள் இஞ்ச இருக்கவேணும் எண்டு போட்டிருக்கிறன்" என்றார்.

முடிவு உங்களுக்குத் தெரியும். வெளியேற 51.9 வீதம், இருக்க 48.1 வீதம். எங்கள் நியூஹாம் மாநகரசபைப் பகுதி இருப்பதற்கு, அண்ணா இருக்கும் ஹில்லிங்டன் பகுதி வெளியேறுவதற்கு. வாக்கு வித்தியாசம் சுமார் 12 இலட்சத்து 70 ஆயிரம். அந்த நேரத்தில் இங்கே வாழ்ந்த ஐரோப்பியப் பிரசைகள் ஏறத்தாழ 30 இலட்சம். அவர்கள் வாக்களித்திருந்தால் முடிவு மாறியிருக்கும் என்று வாதாட நான் வரவில்லை. அந்தக் கணக்கை வைத்து வழக்காடும் காலம் போய்விட்டது. ஒரு முடிவின் முழுப் பாரத்தையும் சுமக்கப் போகிறவர்களை அந்த முடிவைப் பற்றிக் கேட்காமல் விட்டது பிழை. அதைத்தான் சொல்ல வந்தேன்.

வேறு வழி தெரியாமல் அப்படிச் செய்தீர்கள் என்றும் சொல்ல முடியாது. 2014இல் ஸ்கொட்லாந்து பிரிவதா என்று கேட்டபோது, அங்கே வாழ்ந்த ஐரோப்பியப் பிரசைகளும் வாக்களித்தார்கள், 16 வயதுப் பிள்ளைகளும் வாக்களித்தார்கள். இரண்டே வருடத்தில் அதே நாட்டில் இரண்டு கூட்டத்துக்கும் வாக்கில்லை. 16 வயதினரைச் சேர்க்கும்படி பிரபுக்கள் சபை கேட்டது, பொதுச்சபை மறுத்தது.

அக்கா ஏன் முன்னமே பிரித்தானியக் குடியுரிமை எடுக்கவில்லை என்று கேட்பீர்கள். அண்ணாவும் கேட்டார். 2016 வரைக்கும் அதற்குத் தேவையே இருக்கவில்லை என்பதுதான் பதில். வாழவும் வேலை செய்யவும் உரிமை உண்டு என்று இரண்டு நாடுகளும் கையெழுத்திட்டுச் சொல்லியிருந்தன. ஒரு ஆளுக்கு ஆயிரம் பவுணுக்கு மேல் கட்டணம் கட்டி, இருக்கிற உரிமையைத் திரும்ப வாங்க யாருக்கும் தோன்றாது.

அந்த ஆவணியில் அப்பாவின் திவசம் வந்தது. அண்ணாவும் அக்காவும் ஒரே சமையலறையில் நின்றும் கதைக்கவில்லை. வாழையிலை போட்டுச் சோறு பரிமாறும்போதுதான் அண்ணா வாய் திறந்தார். "நான் உனக்கெதிராப் போடேல்லை. அந்தச் சட்டத்துக்கு எதிராப் போட்டனான்." அக்கா பருப்பு விட்டுக்கொண்டே சொன்னார்: "அது சரி அண்ணை. ஆனால் விழுந்தது எனக்குத்தானே."

பிறகு நடந்தது இருவருக்கும் நல்லதாக இல்லை. 2020இன் முடிவோடு சுதந்திர நடமாட்டம் நின்றது. பெற்றோரைக் கூப்பிடும் 2012 சட்டமோ அப்படியே இருக்கிறது. அக்காவுக்கு இருந்த வழியை மூடினீர்கள், அண்ணாவுக்கு இல்லாத வழியைத் திறக்கவில்லை. பராமரிப்பு வேலைக்கும் மருத்துவ வேலைக்கும் சில காலம் வெளிநாட்டவரைத் தாராளமாக எடுத்தீர்கள் என்பதை மறைக்க மாட்டேன். 2024இல் பராமரிப்புப் பணியாளர் குடும்பத்தைக் கூட்டிவரத் தடை போட்டீர்கள். திறன் வேலை விசாவுக்கான பொதுச் சம்பள வரம்பை 38,700 பவுணுக்கு உயர்த்தினீர்கள். கறிக்கடைக்குச் சமையற்காரர் வருவார் என்ற பேச்சை இப்போது எவரும் எடுப்பதில்லை.

அக்காவின் பங்குக்கு வந்தது 'செட்டில்ட் ஸ்டேட்டஸ்' விண்ணப்பம், அதாவது ஏற்கனவே இங்கே வாழும் ஐரோப்பியர் தொடர்ந்து இருக்க எடுக்க வேண்டிய அனுமதி. 2019இன் பெரும்பகுதியில் அதற்கான கைபேசிச் செயலி ஐபோனில் வேலை செய்யவில்லை. அதனால் என் சாம்சங்கை வாங்கி, ஜேர்மன் கடவுச்சீட்டின் மேல் வைத்து, சிப்பைப் படிக்கும் வரை இரவு ஒன்பது மணிக்குச் சமையலறை மேசையில் குனிந்துகொண்டிருந்தார். கடைசியில் ஒரு மின்னஞ்சல் வந்தது. "கையில ஒரு கடுதாசியும் தரமாட்டினமோ?" என்று அம்மா கேட்டார். 1995 ஐப்பசியில் யாழ்ப்பாணமே இடம்பெயர்ந்து நாவற்குழிப் பக்கம் நடந்தபோது, பிறப்புச் சான்றிதழ், காணி உறுதி, அப்பாவின் அடையாள அட்டை எல்லாவற்றையும் பொலித்தீன் பையில் சுற்றிச் சட்டைக்குள் வைத்துக்கொண்டு நடந்தவர் அவர். எனக்கு அப்போது பத்து வயது. கடுதாசி இல்லாதவனைச் சோதனைச்சாவடியில் என்ன செய்வார்கள் என்று எங்களுக்கு யாரும் பாடம் எடுக்கத் தேவையில்லை. கரிபியன் நாடுகளிலிருந்து பிள்ளைகளாக வந்து இங்கேயே முதுமையடைந்தவர்கள், காகிதம் இல்லை என்பதற்காக வேலையையும் வீட்டையும் இழந்த கதை 2018இல்தான் பெரிதாக வெடித்தது. அதற்கு அடுத்த வருடமே பல இலட்சம் பேருக்குக் காகிதமே இல்லாத உரிமையைக் கொடுத்தீர்கள். பிறகு ஒரு வீட்டு முகவர் அக்காவிடம் "அட்டை எங்கே?" என்று கேட்டார். உரிமையை இணையத்தில் சரிபார்க்கும் குறியீட்டு இலக்கத்தை எடுத்துக் கொடுத்தபோது இணையத்தளம் திறக்கவில்லை. அந்த வீடு வேறொருவருக்குப் போயிற்று.

2019 முழுக்க அக்கா உங்கள் சபை நடவடிக்கைகளைத் தொலைக்காட்சியில் பார்த்தார். ஜனவரி 15இல் பிரதமர் தெரேசா மேயின் வெளியேற்ற உடன்பாடு 432க்கு 202 என்று தோற்றபோது, எந்தக் கட்சியில் எத்தனை பேர் மாறிப்போட்டார்கள் என்று எங்களுக்கு விளக்கியவர் அவர்தான். செப்டெம்பரில் சபையை ஒத்திவைத்தது செல்லாது என்று உச்ச நீதிமன்றத்தின் பதினொரு நீதிபதிகளும் ஒருமித்துச் சொன்ன நாளில் வேலைக்கு லீவு போட்டுவிட்டுப் பார்த்தார். உங்களில் பாதிப் பேரை முகம் பார்த்துப் பெயர் சொல்லுவார். அந்த டிசெம்பர் தேர்தலிலும் அவருக்கு வாக்கில்லை.

இப்போது நீங்கள் மறுபடியும் ஐரோப்பாவோடு கதைக்கிறீர்கள். 2025 மே மாதம் லண்டனில் ஒரு உச்சிமாநாடும் நடந்தது. இனி வரும் ஆண்டுகளில் இந்தக் கேள்வி ஏதோ ஒரு வடிவில் திரும்ப வரும் என்று நான் நினைக்கிறேன். திரும்பச் சேரலாமா என்று வரலாம், சந்தையில் மட்டும் சேரலாமா என்றும் வரலாம். எதற்கும் இப்போதே சட்டத்தில் எழுதிவையுங்கள்: அப்படி ஒரு வாக்கெடுப்பு வந்தால், இந்த நாட்டில் சட்டப்படி குடியிருக்கும் வயது வந்த எல்லோருக்கும் அதில் வாக்கு உண்டு என்று. இது நடக்காத காரியம் இல்லை. ஸ்கொட்லாந்திலும் வேல்சிலும் அவரவர் சபைத் தேர்தல்களில் சட்டப்படி குடியிருக்கும் வெளிநாட்டவர் இப்போதே வாக்களிக்கிறார்கள். இங்கிலாந்திலும் வட அயர்லாந்திலும்தான் 2022 தேர்தல் சட்டத்தால் எதிர்த்திசையில் போனீர்கள். 2021 தொடக்கத்திலிருந்து வந்த ஐரோப்பியரில் பெரும்பாலானோருக்கு, அவர்களின் நாட்டோடு தனி ஒப்பந்தம் இருந்தால்தான் உள்ளூராட்சி வாக்குக்கூட. 16 வயதினருக்கு வாக்குரிமை தரப்போவதாக 2025 ஜூலையில் அரசு அறிவித்தது. நல்ல காரியம். அதோடு சேர்த்து இதையும் எடுத்துக் கொள்ளுங்கள்.

அண்ணாவின் சார்பிலும் ஒன்று கேட்கிறேன், அவர் கேட்கச் சொன்னார். 2012 பெற்றோர் சட்டத்தை எடுத்துப் பாருங்கள். அந்தக் கோபம் இன்னும் அப்படியேதான் இருக்கிறது. அடுத்த வாக்கெடுப்பிலும் யாராவது வந்து அதைப் பொய்யால் நிரப்புவார்கள்.

இதற்குப் பதில் எழுதுவதானால் எனக்கு எழுத வேண்டாம். அக்காவின் பெயருக்கு எழுதுங்கள். பொதுத்தேர்தல் காலத்தில் வேட்பாளர்கள் பெயர் போட்டு அனுப்பும் கடிதங்கள் எங்கள் தெருவில் எல்லோருக்கும் வரும், அம்மாவுக்கும் வரும். 2006இலிருந்து அக்காவின் பெயருக்கு ஒன்றுகூட வந்ததில்லை.

அன்புடன்,
ஈஸ்ட்ஹாமிலிருந்து ஒரு தங்கை