கணித வட்டம், தென்காசி: செயலாளர் ஆண்டறிக்கை

எல்லாருக்கும் வணக்கம். வழக்கமான விஷயங்களை முதல்ல சுருக்கமா சொல்லிடறேன். ஞாயித்துக்கிழமை கூட்டம் பெரும்பாலும் தவறாம நடந்துச்சு. டிசம்பர் 22 ராமானுஜன் பிறந்தநாளுக்கு ஸ்கூல் பிள்ளைகளுக்கு க்விஸ் வச்சோம். ஆகஸ்ட் 31 நம்ம வல்லத்துக்காரர், கணிதமேதை எஸ்.எஸ்.பிள்ளை நினைவுநாள் பேச்சும் நடந்துச்சு, எந்த நேர் முழு எண்ணா இருந்தாலும் அதிகபட்சம் 73 ஆறாம் அடுக்கைக் கூட்டி எழுதிடலாம்னு 1940ல அவர் நிரூபிச்சதை அன்னிக்குத்தான் நம்மள்ல பாதிப்பேர் முதல்முறையா கேட்டோம்.

இப்ப முக்கியமான விஷயம். காலேஜ்ல படிச்சதுக்கு மேல எந்த பாடத்தை சொந்தமா படிக்கிறதுன்னு வருஷ ஆரம்பத்துல ஓட்டெடுப்பு வச்சப்ப அல்ஜிப்ராயிக் டோபாலஜி, கேட்டகரி தியரி, மெஷர் தியரின்னு ஆளாளுக்கு ஒண்ணு சொன்னாங்க, நான் கால்வா தியரியைத்தான், அதாவது ஒரு சமன்பாட்டோட விடைகளுக்குள்ள இருக்கிற சமச்சீரை குரூப் வச்சு ஆராயுற பாடத்தைத்தான் எடுக்கணும்னு நின்னேன், அதுக்காக இன்னும் சிலருக்கு என் மேல வருத்தம் இருக்கு, அதனால காரணத்தை இங்க பதிவு பண்றேன். நம்ம ஆட்கள் நிறையப்பேர் பி.எஸ்சி. முடிச்சிட்டு பேங்க்லயும் ஸ்கூல்லயும் வேலை பாக்குறவங்க. அல்ஜிப்ராயிக் டோபாலஜிக்கு டோபாலஜியும் குரூப் தியரியும் ரெண்டும் கைல இருக்கணும். மெஷர் தியரிக்கு ரியல் அனாலிசிஸ் கெட்டியா இருக்கணும், நம்மள்ல பலபேர் எப்சிலான் டெல்டாவை செமஸ்டருக்கு மனப்பாடம் பண்ணதோட சரி. கேட்டகரி தியரி நல்ல பாடம்தான், ஆனா உதாரணங்கள் நிறைய தெரியாம அதுக்குள்ள போனா அம்புக்குறி மட்டும்தான் மிஞ்சும். கால்வாவுக்கு குரூப், ரிங், கொஞ்சம் லீனியர் அல்ஜிப்ரா போதும், அது எல்லாருக்கும் இருந்துச்சு. வாத்தியார் இல்லாம படிக்கிறவனுக்கு தன் விடை சரியான்னு தானே சோதிச்சுப் பாக்க வழி வேணும், அதுவும் இதுல இருக்கு.

60 டிகிரி கோணத்தை ஸ்கேல், காம்பஸ் மட்டும் வச்சு ஏன் மூணா பிரிக்க முடியலைன்னு போர்டுல போட்டுப் பார்த்த அன்னிக்கு வந்தவங்களுக்குத் தெரியும். மூணா பிரிச்சா 20 டிகிரி வரணும், காஸ் 20ஐ எக்ஸ்னு வச்சா எட்டு எக்ஸ் கியூப் மைனஸ் ஆறு எக்ஸ் மைனஸ் ஒண்ணு பூஜ்யம்னு வருது, ஒண்ணு, அரை, கால், அரைக்கால்னு பிளஸ்லயும் மைனஸ்லயும் போட்டுப் பார்த்தா எதுவுமே பொருந்தல, அப்ப அந்த கியூபிக் உடையாது, காஸ் 20ஓட டிகிரி, அதாவது அது பொருந்துற மிகச்சின்ன சமன்பாட்டோட படி, மூணு. காம்பஸ் தர்றது ஸ்கொயர் ரூட் மட்டும்தான், அதனால டிகிரி ரெண்டோட அடுக்காத்தான் வரும், மூணு அதுல சேராது. 1837ல பிரெஞ்சு கணக்கு நிபுணர் வான்ட்செல் முடிச்சு வச்ச விஷயம் அரைமணி நேரத்துல நம்ம கைக்கு வந்துச்சு. ரிட்டயர்ட் வாத்தியார் ஒருத்தர், "பிள்ளைக இதைக் கேட்டப்பல்லாம் சிலபஸ்ல இல்லன்னு சொல்லி உக்கார வச்சிட்டேனே"ன்னு சொன்னார். காலேஜ் வாத்தியார் வேலைக்கான நெட் பரீட்சைக்கு உதவாதுன்னு சொன்னவங்களுக்கு ஒரு தகவல்: சிஎஸ்ஐஆர் நெட் சிலபஸ்லயே கால்வா தியரி இருக்கு.

வருத்தத்தையும் சொல்லணும். ஓட்டெடுப்புல சத்தமா பேசினவங்க பலர் அதுக்கப்புறம் வரவே இல்ல. சாரல் சீசன்ல குற்றாலத்துக்கு சொந்தக்காரங்க வந்துட்டாங்கன்னா புரிஞ்சுக்கலாம், ஆனா சீசன் முடிஞ்சும் ஆளைக் காணோம். கணக்குப் போடாம வந்து கேட்டுட்டு மட்டும் போறதும் நடக்குது, இந்தப் பாடத்துல அது உதவாது, பயிற்சிக் கணக்கு போடாம ஸ்பிளிட்டிங் ஃபீல்டு, அதாவது ஒரு சமன்பாட்டோட எல்லா விடையும் அடங்குற மிகச்சின்ன எண் கூட்டம், மண்டைல ஏறாது.

வரவு செலவைப் பொறுத்தவரை ஜெராக்ஸ், மார்க்கர், டீக்கு இதுவரை குடுத்தது போக கையிருப்பு கொஞ்சம் இருக்கு, விவரம் பொருளாளர்கிட்ட பாத்துக்கலாம். சந்தா பாதிக்கு மேல இன்னும் வரல. மாடி ஹாலை வாடகை இல்லாம குடுத்த வீட்டுக்காரருக்கும், சாவியை நேரத்துக்கு எடுத்துட்டு வந்த தம்பிக்கும், போர்டு வாங்கித் தந்த உறுப்பினருக்கும் வட்டத்தோட நன்றி.

அடுத்த வருஷம் ஐஞ்சாம் டிகிரி சமன்பாட்டுக்கு ஏன் பொது ஃபார்முலா இல்லைங்கிற வரைக்கும் போயி கால்வாவை முடிச்சிட்டு, அதுக்கப்புறம்தான் அல்ஜிப்ராயிக் நம்பர் தியரியா, டோபாலஜியான்னு முடிவு பண்ணணும்னு நினைக்கிறேன். பாதில விட்டுட்டு அடுத்ததுக்குத் தாவ வேண்டாம். செயலாளர் பொறுப்பை வேற யாராவது எடுத்தாலும் எனக்கு சந்தோஷம்தான், ஆனா ஞாயித்துக்கிழமை நோட்ஸ் தயார் பண்ண மூணு நாலு பேராவது வேணும், பேர் குடுக்கிறவங்க சந்தாவையும் சேர்த்துக் குடுத்துட்டா ஜெராக்ஸ் கடை பாக்கியை இந்த மாசமே தீர்த்துடலாம்.