தங்கம் விலைக்குப் பக்கத்தில் கடல் நிலவரமும் வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

சின்னப் படகு ஒன்று எஞ்சின் நின்று நடுக்கடலில் தத்தளித்தது என்று அடிக்கடி செய்தி வருகிறது. எத்தனை பேர், எந்த ஊர், யார் மீட்டார்கள் என்று எல்லாம் இருக்கும். கிளம்பும்போது அந்தப் படகில் என்ன இருந்தது, என்ன இல்லை என்பது மட்டும் இருக்காது. அதைப் பற்றித்தான் எழுதுகிறேன்.

என் அக்காள் மகன் இங்கே கோடியக்கரையில் பழைய ஃபைபர் படகு ஒன்றை வாங்கினான். மாமனார் ஊர் ராமேஸ்வரம், தொழிலும் இனி அங்கேதான், அதனால் படகைக் கடல் வழியாகவே கொண்டுபோய்விடலாம் என்று முடிவு செய்தான். துணைக்கு நான். இருபது வருடமாகக் கடலில் இருக்கிறேன், ஆனால் கரை கண்ணில் தெரிகிற தூரத்தில் வலை விட்டுத் திரும்பிய அனுபவம்தான். கரை மறைந்து பத்து மணி நேரம் ஓடுவது இரண்டு பேருக்குமே அதுதான் முதல் தடவை.

அவன் போன் மேப்பில் இரண்டு ஊருக்கும் நடுவே ஒரு கோடு இழுத்து, "67 கடல் மைல்தான் மாமா, காலையில கிளம்பினா மத்தியானம் சாப்பாட்டுக்குப் போயிரலாம்" என்றான். அப்புறம் உட்கார்ந்து 1974 இந்திய-இலங்கை ஒப்பந்தப்படியான எல்லைக்கோட்டையும் அதே மேப்பில் குறித்தோம். எல்லை நேராக இல்லை, பாக் விரிகுடாவின் நடுவில் மேற்கே வளைந்து நம் பக்கம் வருகிறது. நாங்கள் இழுத்த கோடு அந்த வளைவுக்குள் பல கிலோமீட்டர் இலங்கைக் கடலில் போய்த் திரும்புகிறது! கரையில் உட்கார்ந்து பார்த்ததால் தெரிந்தது. மேற்கே நன்றாக ஒதுங்கிப் போகிற மாதிரி ஜி.பி.எஸ்ஸில் புள்ளிகள் வைத்தோம். தூரம் 77 மைல் ஆனது, எங்கள் வேகத்துக்குப் பதினொரு மணி நேரம்.

எண்ணெய்க் கணக்கைப் புத்தகத்தில் பார்த்தோ அடுத்தவரிடம் கேட்டோ போடக்கூடாது. ஆள், நங்கூரம், கேன், தண்ணீர் எல்லாவற்றையும் ஏற்றிக்கொண்டு கரையோரமாகவே ஒரு மணி நேரம் ஓட்டினோம், வெள்ளைக் கேனில் மார்க்கரால் கோடு போட்டு அளந்தோம். மணிக்கு 4 லிட்டர். போய்ச்சேர 44 போதும், நாங்கள் 70 ஏற்றினோம். காற்று எதிர்த்தால் அதே தூரத்துக்கு எவ்வளவு குடிக்கும் என்பது யாருக்கும் தெரியாது. இன்னொன்று, இப்போது வருகிற பெட்ரோலில் எத்தனால் கலந்திருக்கிறது, அது ஈரத்தை இழுக்கும். மூடி சரியில்லாத கேனைக் கடற்கரையில் பத்து நாள் வைத்தால் அடியில் தண்ணீர் பிரிந்து நிற்கும். ஒவ்வொரு கேனிலும் அடியிலிருந்து கொஞ்சம் எடுத்துக் கண்ணாடிப் பாட்டிலில் ஊற்றி ஒரு ராத்திரி வைத்துப் பாருங்கள். நாங்கள் மூன்று கேனைப் பார்த்தோம், நான்காவது நேற்று வாங்கியதுதானே என்று விட்டுவிட்டோம்.

அந்த நான்காவது கேனில்தான் எஞ்சின் நின்றது. காலை 4 மணிக்குக் கிளம்பியவர்கள், அப்போது மணி எட்டு. தரைக்காற்று மேற்கிலிருந்து அடித்துக்கொண்டிருந்தது, அதாவது எங்களை எல்லைப் பக்கம் தள்ளுகிற காற்று, எல்லைக்கு அங்கிருந்து ஆறேழு மைல்தான். படகு அலைக்குக் குறுக்கே விழுந்து உருள ஆரம்பித்தது. நங்கூரத்தைப் போட்டோம். ஆறு பாகம் ஆழம் (ஒரு பாகம் என்பது ஆறடி), முப்பது பாகம் கயிறு. பிடித்துக்கொண்டது, அணியம், அதாவது படகின் முன்பக்கம், காற்றுக்கு நேராகத் திரும்பியது, உருளல் நின்றது. படகோடு வந்தது பன்னிரண்டு பாகம் கயிறுதான். ஊர்ப் பெரியவர் ஒருவர், ஆழத்தைப் போல ஐந்து மடங்கு கயிறு இல்லாமல் போகாதே என்று பிடிவாதமாகச் சொன்னதால் கூடுதல் கயிறு பிணைத்திருந்தோம். பாக் விரிகுடா ஆழம் குறைந்த கடல், கயிறு மட்டும் இருந்தால் நடுக்கடலிலும் நங்கூரம் தரையைப் பிடிக்கும். இது எத்தனை பேர் படகில் இருக்கிறது?

மருமகன் ஸ்பேனரைச் சணல் கயிற்றால் மணிக்கட்டில் கட்டிக்கொண்டுதான் கவரைக் கழற்றினான், கைதவறினால் கடலுக்குத்தானே போகும். பில்டரில் தண்ணீர் முத்து முத்தாக நின்றது. புது பில்டர், புது பிளக் இரண்டு, வேறு கேன். நாற்பது நிமிடம் ஆனது. அவ்வளவு நேரமும் இரண்டு பேரும் லைஃப் ஜாக்கெட் போட்டிருந்தோம். அணியத்துக்குள் சுருட்டி வைத்திருந்தால் அந்த உருளலில் தேடி எடுத்திருக்க முடியாது.

கரையில் அவன் மனைவியிடம் ஒரு தாள் கொடுத்திருந்தோம், காலண்டர் ஆணியில் மாட்டியிருந்தாள். படகின் நிறம், பதிவு எண், எத்தனை பேர், எந்த வழி, மாலை 5 மணிக்குள் போன் வராவிட்டால் கடலோரக் காவல்படைக்கு 1554, கடலோரப் போலீசுக்கு 1093. கரையை விட்டுச் சில மைல் போனால் செல்போன் சிக்னல் கிடையாது. வி.எச்.எஃப் ரேடியோ இருந்தால் 16-வது சேனலில் கூப்பிடலாம், அதுவும் எட்டுகிற தூரத்தில் கேட்கிற படகோ கரை நிலையமோ இருந்தால்தான். ஆகவே கரையில் நேரம் பார்த்துக்கொண்டிருக்கிற ஒரு ஆள் கண்டிப்பாக வேண்டும். மூன்றரை மணிக்குச் சிக்னல் வந்தது, முதல் போன் அவளுக்குத்தான்.

ஒன்றைச் சொல்லாமல் விட்டேன். கிளம்புவதாக இருந்த நாளை இரண்டு நாள் தள்ளிப்போட்டோம். ஐதராபாத்திலுள்ள இன்காய்ஸ் மையம் காற்று, அலை உயரம், நீரோட்டம் மூன்றையும் முன்கூட்டியே சொல்கிறது, அதில் 20 நாட் (மணிக்கு 20 கடல் மைல்) காற்று என்று இருந்தது. 2018-ல் கஜா வந்தபோது எங்கள் தெருவில் யாரும் கடலில் இல்லை, படகுகள்தான் போயின. புயல் என்றால் எல்லோரும் கேட்கிறார்கள். ஆனால் இருபதடிப் படகைப் புரட்டுவதற்குப் புயல் வேண்டாம். ஆழம் குறைந்த இந்தக் கடலில் சாதாரணக் காற்றுக்கே அலை நெருக்கமாகவும் செங்குத்தாகவும் எழும்பும். அந்தச் சாதாரணக் காற்றைப் பற்றித்தான் யாரும் சொல்வதில்லை.

அதனால் ஒரு வேண்டுகோள். தங்கம் விலை, பெட்ரோல் விலை போடுகிற இடத்துக்குப் பக்கத்தில் பாக் விரிகுடா, மன்னார் வளைகுடா, சோழமண்டலக் கரை மூன்றுக்கும் அடுத்த 3 நாள் காற்றின் வேகம், திசை, அலை உயரம் போட்டு ஒரு சின்னப் பெட்டி தினமும் வெளியிடுங்கள். கச்சான், வாடை, கொண்டல், சோழகம் என்று எங்கள் பேச்சிலேயே திசை இருக்கட்டும். கீழே 1554, 1093 இரண்டு எண்களையும் போடுங்கள். எங்கள் ஊர் டீக்கடையில் காலை ஐந்தரைக்கே உங்கள் பேப்பர் வந்துவிடுகிறது, படிக்கத் தெரிந்தவர் சத்தமாகப் படிப்பார்.

இப்படிக்கு,
ஒரு மீனவர்,
கோடியக்கரை.