கடற்கரைப் பயணத்தை ஜூனிலிருந்து மாசிக்கு மாற்றுங்கள்

எங்கள் வட்டாரத் தமிழ்ப்பள்ளிகளின் தலைமையாசிரியர்களுக்கும் பெற்றோர் ஆசிரியர் சங்கப் பொறுப்பாளர்களுக்கும் வணக்கம்.

மலேசியாவின் சிலாங்கூரில், செம்பனைத் தோட்டங்கள் சூழ்ந்த புக்கிட் ரோத்தானிலிருந்தும் அதைச் சுற்றியுள்ள ஊர்களிலிருந்தும் பிள்ளைகளைப் பறவை பார்க்க ஜெராம் கடற்கரைக்கு அழைத்துச் செல்லும் வழக்கம் ஏற்பட்டிருப்பது மகிழ்ச்சி தருகிறது. எலியைப் பிடிக்கத் தோட்டத்தில் கூட்டுப்பெட்டி வைத்து வளர்க்கப்படும் ஆந்தையை அறிந்த பிள்ளைகள், அதிகத் தொலைவில்லாத சேற்றுக்கரையில் சைபீரியப் பறவைகள் இரை தேடுவதையும் அறிய வேண்டும். ஆனால் பிப்ரவரி, மார்ச் மாதங்களின் இடிமழைக்கு அஞ்சி இப்பயணத்தை ஜூன் மாதத்திற்குத் தள்ளி வைக்கிறீர்கள். அந்த முடிவை மாற்றுமாறு கேட்டுக்கொள்ளவே இம்மடலை எழுதுகிறேன்.

ஜூனில் அங்கே பார்ப்பதற்குப் பெரிதாக எதுவும் இராது. உள்ளான், மூக்கன், கோட்டான் (ஆந்தையல்ல, வளைந்த நீண்ட அலகுடைய பறவை), பவளக்காலி முதலிய கரைப்பறவைகளில் பெரும்பாலானவை அப்போது வடக்கே சைபீரியாவிலும் மங்கோலியாவிலும் அடைகாத்துக்கொண்டிருக்கும். இன்னும் இனப்பெருக்க வயதை எட்டாத சில இளம்பறவைகளே இங்குத் தங்கியிருக்கும். கொக்கும் நாரையும் இருக்கும்தான், ஆனால் அவற்றைப் பார்க்கப் பேருந்து பிடிக்க வேண்டியதில்லை, தோட்டத்து வாய்க்கால் ஓரத்திலேயே நிற்கின்றன. வடகோளத்தின் குளிர்காலம் முடியும் தறுவாயில், அதாவது நம் மாசி மாதத்தில்தான் கரை நிறைந்திருக்கும். நெடும்பயணத்திற்காக அவை கொழுப்பைச் சேர்க்கும் காலமும் அதுவே. சாம்பல் நிறமாயிருந்த மூக்கன்களின் நெஞ்சில் செங்கல் நிறம் ஏறத் தொடங்குவதை மார்ச்சில் பிள்ளைகள் கண்ணாலேயே காணலாம்.

புயல்மழைக்கு அஞ்சி ஜூனைத் தேர்ந்தெடுப்பதிலும் பொருத்தமில்லை. வடகிழக்குப் பருவக்காற்று வீசும் நவம்பர் முதல் மார்ச் வரையிலான காலத்தில் தீத்திவங்சா மலைத்தொடர் நம் மேற்குக் கரையைப் பெருமழையிலிருந்து ஓரளவு காக்கிறது. அந்நாள்களில் நமக்கு வரும் இடிமழை பெரும்பாலும் பிற்பகலில்தான் திரண்டு வரும். ஜூன் அடங்கும் தென்மேற்குப் பருவத்தில் சுமத்ராப் பக்கமிருந்து வீசும் ‘சுமத்ராக் காற்று’ எனும் புயல்காற்றோ விடியலுக்கு முன்பும் காலையிலும், அதாவது நீங்கள் பிள்ளைகளைப் பேருந்தில் ஏற்றும் நேரத்திலேயே வந்து தாக்கக்கூடியது.

ஆகவே, மாசியில் காலைப்பொழுது நமக்குச் சாதகமானது. எந்தக் காலை என்பதைக் கடல் ஏற்றம் தீர்மானிக்கிறது. சிலாங்கூர்க் கரையில் ஏற்றத்திற்கும் வற்றத்திற்கும் உள்ள வேறுபாடு பெரிது; நீர் வற்றியிருக்கையில் பறவைகள் தொலைநோக்கிக்கும் எட்டாத சேற்று விளிம்பிற்குப் போய்விடும், நீர் ஏற ஏறக் கரையை நோக்கி ஒதுங்கும். பௌர்ணமி, அமாவாசை நாள்களில் உச்ச ஏற்றம் ஏறக்குறைய காலை ஆறு மணியளவில், சூரியன் உதிக்கும் முன்பே வந்து போய்விடுகிறது. பிள்ளைகள் பத்து மணிக்குச் சென்று வெறுஞ்சேற்றைப் பார்த்துத் திரும்புவதற்குக் காரணம் இதுதான். ஏற்றம் நாள்தோறும் முக்கால் மணி நேரம் அளவுக்குப் பிந்துவதால், பௌர்ணமிக்குப் பின் மூன்றாம் அல்லது நான்காம் நாளில் அது எட்டு, ஒன்பது மணியளவில் அமையும். வீட்டு நாள்காட்டியில் மாசி மகத்தைக் குறித்துவைத்திருக்கும் எந்தத் தாயும் இந்நாளைக் கணித்துவிடலாம். பின்னர் போர்ட் கிள்ளான் கடல் ஏற்ற அட்டவணையில் நேரத்தைச் சரிபார்த்தால் போதும்.

இவ்வளவும் பார்த்துச் சென்றாலும் புயல் வரலாம். பிப்ரவரி இறுதியில் அப்படியொரு நாளில் ஜெராமில் இருந்திருக்கிறேன். கடற்பக்கம் கறுத்து, காற்று திடீரெனத் திரும்பியதும், சேற்றில் சிதறியிருந்த பறவைகள் அனைத்தும் காற்று வந்த திசைக்கு முகம் திருப்பி நின்றுவிட்டன. இறகு கலையாமல் இருக்க அதுவே வழி. மூக்கன்கள் அலகை முதுகுச் சிறகில் செருகி ஒற்றைக்காலில் நின்றன. வெகு தொலைவில் மீன் பிடித்துக்கொண்டிருந்த ஆலாக்கள் கரைக்கு அருகே வந்து, மீனவர் நட்டிருந்த கழிகளின் உச்சியில் ஆளுக்கொன்றாக அமர்ந்தன. உடன் வந்திருந்த பிள்ளைகள் இவற்றையெல்லாம் பேருந்தின் சன்னல் வழியாகப் பார்த்தார்கள். மழையில் ஓடி ஒளியாமல் நின்ற அந்தப் பறவைகளைப் பற்றி அவர்கள் கேட்ட கேள்விகளுக்கு விடை சொல்லி எனக்குத் தொண்டை கட்டிவிட்டது. பிறந்து ஐந்து மாதமே ஆன பட்டைவால் மூக்கன் ஒன்று, 2022 அக்டோபரில் அலாஸ்காவிலிருந்து தாஸ்மேனியாவுக்கு 11 நாள் எங்கும் இறங்காமல் 13,560 கிலோமீட்டர் பறந்ததைச் சொன்னபோது ஒருவரும் நம்பவில்லை.

இங்கே பேருந்தைப் பற்றி அழுத்திச் சொல்ல வேண்டியுள்ளது. பேருந்து பிள்ளைகளை இறக்கிவிட்டுத் தொழிற்சாலை ஆள்களை ஏற்றப் போய்விடுவது வழக்கம். அதற்கு இடம் தராதீர்கள். காத்திருப்புக்கான கூடுதல் கட்டணத்தைச் சங்கமே ஏற்க வேண்டும். மின்னலுக்கு முன் கடற்கரைப் பந்தலும் மரநிழலும் பாதுகாப்பல்ல, சன்னல்களை அடைத்த பேருந்தே பாதுகாப்பு. இடி மின்னல் மிகுந்த நாடுகளுள் ஒன்று நம் நாடு. மின்னலுக்கும் இடிக்கும் இடையே 30 வினாடிக்குக் குறைவாக இருந்தால் புயல் சுமார் பத்துக் கிலோமீட்டருக்குள் வந்துவிட்டது என்று பொருள். உடனே அனைவரையும் ஏற்ற வேண்டும், கடைசி இடிக்குப் பின் 30 நிமிடம் கழியாமல் இறக்கக் கூடாது. முந்திய இரவும் புறப்படும் முன்பும் வானிலைத் துறையான மெட்மலேசியாவின் எச்சரிக்கையை ஓர் ஆசிரியர் பார்த்துவிட வேண்டும். வெயிலாக இருந்தாலும் சேற்றில் யாரும் இறங்க வேண்டாம். கால் புதையும், பறவைகளும் எழுந்து பறந்துவிடும். பயணத்திற்குக் கொழுப்புச் சேர்க்கும் நேரத்தில் அவற்றை வீணாகப் பறக்கவிடுவது நியாயமில்லை.

அடுத்த ஆண்டுக்கான புறப்பாட நடவடிக்கைத் திட்டத்தை நீங்கள் வரையும் முன், மாசிப் பௌர்ணமியை அடுத்த நாள்களுக்கான ஏற்ற நேரங்களைக் குறித்துத் தர அணியமாக உள்ளேன். சனி, ஞாயிறு அமையாவிட்டால் பங்குனிப் பௌர்ணமியையும் பார்க்கலாம். அதற்குப் பின் பறவைகள் வேகமாகக் குறையத் தொடங்கிவிடும்.

இங்ஙனம்,
முன்னாள் மாணவி ஒருத்தியின் தந்தை,
புக்கிட் ரோத்தான், சிலாங்கூர்