சின்னவள் தண்ணீரில் இறங்குகிற இடமாகப் பார்

அன்பான பிள்ளைக்கு,

விடுமுறைக்குப் போக என்று நீ வாட்ஸ்அப்பில் அனுப்பிய ரிசார்ட் படங்களை வடிவாகப் பார்த்தேன். எது நல்லது என்று சொல்லச் சொன்னாய். கடல் எல்லாவற்றிலும் ஒரே நீலம், அறைகளும் ஏறக்குறைய ஒன்றுதான். நான் பார்த்தது ஆட்களை. நீச்சல் குளத்தைச் சுற்றிப் படுத்திருப்பவர்கள் எல்லாரும் வெள்ளை. தட்டில் கிளாஸ் ஏந்தி நிற்பவர்கள் எல்லாரும் கறுப்பு. டொமினிக்கன் குடியரசின் புன்டா கானா படத்திலும் அப்படி, ஜமேக்கா படத்திலும் அப்படி. நீ கவனிக்கவில்லை என்று நான் நினைக்கவில்லை. கவனித்துவிட்டுத்தான் எனக்கு அனுப்பியிருக்கிறாய்.

இங்கே மதில் வேலை முடிந்தது. மாமாவுக்கு நாரி நோ. மற்றதைப் போனில் சொல்கிறேன்.

பிள்ளை, ஹோட்டல்காரர் போடுகிற படத்தை நம்பாதே. தங்கிப்போன ஆட்கள் போட்ட படங்களைத் தேடிப் பார், காலைச் சாப்பாட்டு மேசையில் யார் யார் இருக்கிறார்கள் என்று அதில்தான் தெரியும். எந்த மாதம் எடுத்தது என்றும் பார். மார்ச் விடுமுறையில் ரொறன்ரோவிலிருந்து எங்கட ஆட்கள், பஞ்சாபி ஆட்கள், சீனக் குடும்பங்கள் என்று கலந்து வருவார்கள், மற்ற நேரம் அப்படியில்லை என்று பக்கத்து வீட்டு அன்ரியின் மகள் சொன்னாள். போய்வந்த தமிழ் ஆட்களிடம் கேள். சாப்பாட்டைப் பற்றிக் கேட்காதே. உங்கள் பிள்ளைகளோடு மற்றப் பிள்ளைகள் சேர்ந்து விளையாடினார்களா என்று கேள். ஹோட்டலுக்கே எழுதிக் கேட்டாலும் பிழையில்லை.

மருமகன் இதைப் பெரிதாக எடுக்கமாட்டார். காசு கட்டினால் எல்லாருக்கும் ஒரே மரியாதைதான் என்பார். நல்ல மனிசன். ஆனால் போன முறை விடுமுறைக்குப் போன இடத்தில் அவரையே யாரோ வேலையாள் என்று நினைத்துத் துவாய் கொண்டுவரச் சொன்னார்களாமே. அவரும் சிரித்துக்கொண்டு எடுத்துக் கொடுத்தாராம். பெரியவன் பகிடியாகத்தான் சொன்னான். பக்கத்தில் இருந்த சின்னவள் சிரிக்கவில்லை.

எங்கள் ஊர்த் தேத்தண்ணிக் கடைகளிலும் எல்லாரும் ஒரே காசுதான் கொடுத்தார்கள். சாதி பார்த்து ஒரு பகுதிக்குக் கிளாஸ், இன்னொரு பகுதிக்குப் போத்தல். அது கூடாது என்று 1957இல் சட்டம் வந்தது. வந்தும் என்ன, 1968இல் மாவிட்டபுரம் கந்தசாமி கோயில் வாசலில் சனம் உள்ளே விடச் சொல்லிப் போராட வேண்டியிருந்தது. கதவு திறந்திருக்கிறது என்று சொன்னால் காணாது பிள்ளை, உள்ளே போனபிறகு எப்படிப் பார்க்கிறார்கள் என்று பார்க்கவேண்டும். எங்கள் நாட்டிலேயே, 2024 மாசியில், உனவட்டுனையில் ரஷ்யாக்காரர் சிலர் வெள்ளை முகங்களுக்கு மட்டும் என்று விருந்துக்கு விளம்பரம் போட்டார்கள். சனம் கொதித்தெழுந்த பிறகுதான் அது நின்றது. எங்கள் கடற்கரையிலேயே இப்படி என்றால், தெரியாத கடற்கரையில் முதலே விசாரிக்கிறதில் என்ன வெட்கம்?

சித்திரை வருஷப்பிறப்புக்கு நீங்கள் வந்து நின்றபோது, நான் கொடுத்த கைவிசேஷத்துக்குப் பதிலாகச் சின்னவள் என் கையில் வைத்த பத்து டொலர் தாள் இன்னும் சாமிப் படத்தட்டில் இருக்கிறது. ஊதா நிறம், வழுவழு என்று, மற்றத் தாள் மாதிரிப் படுக்காமல் நெட்டுக்கு அச்சடித்தது. அதில் இருக்கிற கறுப்புப் பெண் வயோலா டெஸ்மண்ட். 1946இல் கனடாவின் நோவா ஸ்கோஷியாவில் ஒரு படமாளிகையில் வெள்ளையர் இருக்கிற கீழ்த்தட்டில் போய் இருந்தவர். எழும்பமாட்டேன் என்றதற்கு இழுத்துக்கொண்டு போய் ஒரு இரவு சிறையில் வைத்தார்கள். மேல்தட்டு டிக்கெட்டுக்கும் கீழ்த்தட்டுக்கும் இடையிலான ஒரு சதம் வரியைக் கட்டவில்லை என்பதுதான் வழக்கு. 2010இல்தான் மன்னிப்புக் கிடைத்தது, அப்போது அவர் உயிரோடு இல்லை. கறுப்புப் பெண்களுக்கென்று அழகுக்கலைப் பள்ளி நடத்தினவர் அவர். சின்னவளுக்கு இதைச் சொல்லியிருக்கிறாயா? சொல்லு. உன் மாமி கொடுத்துவிட்ட அந்த வெள்ளையாக்கும் கிரீமைக் குப்பையில் போட்டுவிட்டுச் சொல்லு. மாமிக்குக் கோபம் வந்தால் நான் கதைக்கிறேன்.

கொழும்பையே வடிவாகத் தெரியாத வயதில் கனடாவில் இறங்கி, இரவு வேலை செய்து படித்தவள் நீ. உன்னை யார் எப்படிப் பார்த்தாலும் நிமிர்ந்து நடந்தாய், எனக்கு அதில் எப்பவும் பெருமை. அவள் அப்படியில்லை. ரொறன்ரோவுக்குப் பக்கத்து மார்க்கம் நகரில் பிறந்தவள். வகுப்பில் பாதிக்கு மேல் எங்கட நிறமும் சீன முகமும். தான் மட்டும் வேறு என்று அவள் எங்கேயும் நின்றதில்லை, போன முறை அந்த ஹோட்டல் குளத்தில் நிற்கும்வரைக்கும்.

நீ எனக்கு ஒன்றும் சொல்லவில்லை. அவள் இறங்கினதும் மற்றத் தாய்மார் தங்கள் பிள்ளைகளைக் கூப்பிட்டு மேலே எடுத்ததைப் பெரியவன் வாயால்தான் அறிந்தேன். அதற்குப் பிறகு நீச்சல் வகுப்புக்குப் போகமாட்டேன் என்கிறாளாம். பதக்கம் வாங்கினவள்! போன கிழமை வீடியோவில் என்னிடம், "அம்மம்மா, வெயிலில் நிற்காவிட்டால் வெள்ளையாகலாமா?" என்று கேட்டாள். நீ குசினியில் நின்றாய், உனக்கும் கேட்டிருக்கும். நீ வெளியே வரவில்லை.

அதனால்தான் கேட்கச் சொல்கிறேன், விசாரித்துப் போட்டுப் போ என்கிறேன். டிரினிடாட் தீவுப் பக்கம் போனால் என்ன? 1845இல் இந்தியாவிலிருந்து தோட்ட வேலைக்குக் கப்பலில் வந்து இறங்கிய சனத்தின் பேரப்பிள்ளைகள் நிறைய இருக்கிற இடம். அவர்கள் வந்திறங்கிய மே 30 அங்கே அரசாங்க விடுமுறை. சின்னவள் அங்கே யார் கண்ணுக்கும் புதினமாக இருக்கமாட்டாள். தண்ணீரில் இறங்கி, கூட விளையாடப் பிள்ளைகள் இருந்தால் காணும், மூன்று நட்சத்திர ஹோட்டலே போதும். யாழ்ப்பாணத்துக்கு வாருங்கோ என்று நான் கேட்கவில்லை. கேட்டால் வெயில், நுளம்பு என்பாய்.

முன்பணம் கட்டுவதற்கு முதல் எனக்கு எடு. சனிக்கிழமை உங்களுடைய காலை நேரம் நல்லது. முதலில் நீ சின்னவளோடு இருந்து கதை, அன்று குளத்தில் நடந்ததை நீயும் கண்டாய் என்று அவளுக்குச் சொல்லு. பிறகு போனை அவளிடம் கொடு.

அன்புடன்
அம்மா