படிவம் 67-க்கு ஆறு மாத அவகாசம் கேட்டு ஒரு திறந்த மடல்

வருமான வரி விதிகளை எழுதும் மதிப்புக்குரிய அதிகாரிகளுக்கு,

வணக்கம். வெளிநாட்டில் கட்டிய வரியை இந்திய வரியில் கழித்துக்கொள்ள விடும் 128-ஆம் விதியையும், அந்தக் கழிவைக் கேட்டு, வரி கட்டிய ஆதாரத்தோடு கொடுக்கும் படிவம் 67-ஐயும் நான் உங்களுக்கு விளக்க வேண்டியதில்லை, நீங்கள் எழுதியதுதான். அதில் மாட்டிக்கொண்டு முழிப்பவன் எழுதுகிறேன்.

2023 நவம்பரில் வேலைக்காகச் சிங்கப்பூர் வந்தேன். அதற்குள் 182 நாளுக்கு மேல் ஊரில் இருந்துவிட்டதால் அந்த நிதியாண்டுக்கு நான் ரெசிடென்ட், அதாவது வரிக் கணக்கில் இந்தியாவில் வசிப்பவன், இங்கே வாங்கிய சம்பளத்துக்கும் இந்தியாவில் வரி. சரி, சட்டம் அப்படி, கட்டிவிட்டேன். ஆனால் 2024 ஜனவரியிலிருந்து மார்ச் வரை வாங்கிய சம்பளத்தை மட்டும் கொஞ்சம் பாருங்கள். சிங்கப்பூரில் வரிக் கணக்கு ஜனவரி முதல் டிசம்பர் வரை, 2024-க்கு எவ்வளவு வரி என்று சொல்லும் நோட்டீஸ் வருவதே 2025 ஏப்ரலுக்கு மேல்தான். உங்கள் படிவம் 67-க்குக் கடைசி நாளோ 2025 மார்ச் 31. நோட்டீஸே வராத வரிக்கு ரசீது எங்கே போய் வாங்குவது? சம்பளச் சீட்டை இணைக்கலாம் என்றால், மாதாமாதம் வரி பிடிக்கும் வழக்கம் இங்கே கிடையாது, சீட்டில் காட்ட ஒன்றும் இல்லை. கடைசியில் அந்த மூன்று மாதச் சம்பளத்துக்கு இரண்டு நாட்டிலும் முழு வரி.

நான் கேட்பது ஒன்றுதான். வெளிநாட்டு வரி நோட்டீஸ் வந்ததிலிருந்து ஆறு மாத அவகாசம் கொடுங்கள். புதிதாக எதுவும் கேட்கவில்லை, அந்த வரியை எதிர்த்துத் தகராறு செய்பவருக்கு, தகராறு முடிந்த பிறகு ஆறு மாதம் அதே விதியில் நீங்களே தருகிறீர்கள். சண்டை போட்டவருக்கு உண்டு, ஒழுங்காகக் கட்டியவனுக்குக் கிடையாதா?

வெளிநாட்டுக் கணக்கு டிசம்பரில் முடிவது தெரியாது என்றும் சொல்ல முடியாது. அதே ரிட்டர்னில் வெளிநாட்டுச் சொத்துப் பட்டியலை டிசம்பர் 31 வரைக்கும்தானே கேட்கிறீர்கள்? அதில் ஒரு வங்கிக் கணக்கு விட்டுப்போனால் கறுப்புப் பணச் சட்டத்தில் 10 லட்சம் அபராதம் (20 லட்சத்துக்குக் கீழே என்றால் இல்லை என்று 2024 அக்டோபரில் தளர்த்தினீர்கள், நன்றி). சம்பளத்தை ரூபாயாக்க முந்தைய மாதக் கடைசி நாளின் ஸ்டேட் பேங்க் டெலிகிராஃபிக் டிரான்ஸ்ஃபர் பையிங் ரேட் (வெளிநாட்டிலிருந்து வரும் பணத்தை வங்கி வாங்கும் விலை) வேண்டும், சாதாரண ரேட் ஆகாது. எங்களிடம் வாங்கும்போது இவ்வளவு நுணுக்கம், திருப்பித் தரும்போது மட்டும் காலண்டர் கண்ணுக்குத் தெரிவதில்லை. கோபத்தில் எங்கோ போகிறேன், மன்னிக்கவும்.

2026 ஏப்ரல் 1 முதல் புதிய வருமான வரிச் சட்டம். அதற்கான விதிகளில் இந்த ஆறு மாதத்தைத் தயவுசெய்து சேர்த்துவிடுங்கள். ஏற்கெனவே இரண்டு பக்கமும் கட்டியவர்களுக்கும் பொருந்தும் என்று போட்டால் இன்னும் நல்லது.

இப்படிக்கு,
சிங்கப்பூரிலிருந்து, இரண்டு நாட்டுக்கும் வரி கட்டிய ஒருவன்