ஒரே மாத்திரை, நான்கு பெட்டி

அங் மோ கியோ, சிங்கப்பூர்
ஞாயிறு மாலை

அன்பு மகள் தேன்மொழிக்கு,

அப்பா எழுதுகிறேன். சனிக்கிழமை நீ பேசியபோது உன் அம்மா பக்கத்தில் உட்கார்ந்து, "சாப்பிட்டாளா என்று கேளுங்கள், சிட்னியில் குளிரா என்று கேளுங்கள்" என்று இடித்துக்கொண்டே இருந்தாள். நான் சொல்ல வந்தது தொண்டையிலேயே நின்றுவிட்டது. கைபேசியில் தட்டினால் கட்டைவிரல் நோகிறது. நீ வேலை பார்க்கும் மருந்து நிறுவனம் கட்டைவிரல் வலிக்கென்று இன்னும் தனிப் பெட்டி கொண்டுவரவில்லை என்பதால் பேனாவை எடுத்துவிட்டேன்.

நீ அனுப்பிய நான்கு பெட்டிகளின் படத்தையும் பார்த்தேன். தலைவலிக்குச் சிவப்பு, கழுத்துக்கு ஆரஞ்சு, இடுப்புக்கு நீலம், மூட்டுக்குப் பச்சை. அழகாகத்தான் இருக்கின்றன. பிறகு படத்தைப் பெரிதாக்கி, ஓரத்தில் கடுகு போல இருந்த எழுத்தையும் படித்தேன். நான்கிலும் பாராசிட்டமால் 500 மில்லிகிராம். விலை மட்டும் சாதாரணப் பெட்டியைவிட இரண்டு வெள்ளி கூடுதல் என்று நீயே சொன்னாய்.

விளம்பரத்தைப் பற்றி அப்பாவுக்கு என்ன தெரியும் என்று நினைக்காதே. அடுக்குமாடி புளோக்கின் கீழே 22 ஆண்டுகள் மாமாக் கடை என்கிற பெட்டிக்கடை நடத்தியவன் நான். வலி மாத்திரையைக் கல்லாவுக்குப் பக்கத்தில், லாட்டரி முடிவு ஒட்டும் பலகைக்கு நேர் கீழே வைத்ததற்குக் காரணம் இல்லாமலா? முழுப் பெட்டி வாங்கக் காசில்லாதவர்களுக்கு அட்டையைக் கத்தரிக்கோலால் வெட்டி இரண்டு மாத்திரை கொடுத்திருக்கிறேன். பெட்டி என்னிடமே இருந்துவிடும். அதில் எழுதியிருந்த எச்சரிக்கையும் என்னிடமே இருந்துவிடும். அதெல்லாம் தப்பு என்று அன்றைக்குத் தோன்றவே இல்லை.

நம் ஊர்த் தைலக்காரர்களை நினைத்துப் பார். டைகர் பாம் விற்ற ஆவ் பூன் ஹாவ், ரங்கூனில் மூலிகை வைத்தியம் பார்த்தவரின் மகன். 1920களில் இங்கே வந்து, புலித்தலை பொருத்திய காரில், புலி போல உறுமும் ஹாரனோடு தெருத்தெருவாகச் சுற்றியவர். தம் தைலத்துக்கு விளம்பரம் போட 1929ல் ஒரு சீனச் செய்தித்தாளையே தொடங்கினார். 1937ல் பாசிர் பாஞ்சாங்கில் கட்டிய ஹாவ் பார் வில்லா என்ற சிலைப் பூங்காவும் ஒரு வகையில் விளம்பரப் பலகைதான். அங்கே பத்து நரகங்களைப் பார்த்துவிட்டு ஐந்து வயதில் நீ அலறிய அலறலை உன் அம்மா இன்னும் சொல்லிக் காட்டுகிறாள்.

நம் அமிர்தாஞ்சன் கதையும் ஏறக்குறைய அதுதான். 1893ல் பம்பாயில் அதைத் தொடங்கிய நாகேஸ்வர ராவ் சங்கீதக் கச்சேரிகளில் இலவசமாகக் கொடுத்துப் பழக்கினாராம். பின்னால் அவரும் பத்திரிகை நடத்தினார். தைலம் காய்ச்சுகிறவர்களுக்கும் அச்சு மைக்கும் என்ன பொருத்தமோ!

எனக்கு மிகவும் பிடித்தது கோடாலித் தைலம். 1928ல் இந்தச் சிங்கப்பூரில் தொடங்கியது. மன்னார்குடிக்குப் போகும்போதெல்லாம் முஸ்தபா கடையில் ஒரு டஜன் வாங்கிப் பெட்டியில் அடுக்குவேன். ஒரு புட்டி குறைந்தாலும் உன் பெரிய அத்தை ஒரு வருடம் பேசமாட்டாள். அதை யாரும் அதன் ஆங்கிலப் பெயரால் கேட்டதில்லை. தமிழர்களுக்குக் கோடாலித் தைலம், மலாய்க்காரர்களுக்கு மினியாக் சாப் காப்பாக். எழுத்துத் தெரியாதவரும் கோடாலிப் படத்தைக் காட்டி வாங்கிவிடுவார். நான்கு மொழி பேசும் ஊரில் அதைவிடக் கெட்டிக்கார விளம்பரம் எது?

ஆனால் ஒன்று கவனி. அவர்கள் ஒரே தைலத்தை எல்லா வலிக்கும் என்று விற்றார்கள். நீங்கள் ஒரே மாத்திரையை ஒவ்வொரு வலிக்கும் வேறு மாத்திரை போல விற்கிறீர்கள். முன்னதில் கொஞ்சம் பீற்றல் இருந்தது. பின்னதில் இருப்பதற்கு என்ன பெயர் வைப்பது என்று நீயே சொல்.

பல்கலைக்கழகத்தில் படிக்கும்போது நீ ஓர் ஆராய்ச்சியைப் பற்றிச் சொன்னாய். பிரிட்டனில் 835 பெண்களிடம் செய்தது, 1981ல் வெளிவந்தது. பெயர் பெற்ற பெட்டியில் வந்த ஆஸ்பிரின், வெறும் பெட்டியில் வந்த அதே ஆஸ்பிரினைவிடத் தலைவலியைக் கூடுதலாகக் குறைத்தது. மருந்தே இல்லாத மாத்திரைகூடப் பெயரோடு வந்தால் சற்று நன்றாக வேலை செய்தது. "பெயருக்கே மருந்துக் குணம் இருக்கிறது அப்பா" என்று துள்ளினாய். எனக்கும் வியப்பாகத்தான் இருந்தது. பெயர் அவ்வளவு வேலை செய்யுமென்றால், மக்கள் அதை நம்பித் தப்பாகவும் விழுங்குவார்கள் என்று அப்போது எனக்குத் தோன்றவில்லை. போன மாதம்தான் தோன்றியது.

எதிர்வீட்டு மலாய்க்காரப் பெரியம்மா, நம் மக்சிக்குக்குச் சளி. அதற்கு ஒரு கடையில் சளி மாத்திரை வாங்கியிருக்கிறார். முட்டிவலி அவருக்கு எப்போதும் உண்டு. அதற்கு இன்னொரு பெட்டி. மூன்றாம் நாள் நோன்புக் கஞ்சி போல ஏதோ கொண்டுபோன உன் அம்மா, அவர் முகம் சரியில்லை என்று என்னைக் கூப்பிட்டாள். சாப்பாட்டு மேசையில் இரண்டு பெட்டிகளையும் கவிழ்த்தேன். பூதக்கண்ணாடி வைத்துப் படித்தால் இரண்டிலும் பாராசிட்டமால் 500. ஓட்டையான அட்டைக் குழிகளை எண்ணினேன். அவர் சொன்ன கணக்கும் சரியாக இருந்தது. சளிக்கு நாளுக்கு எட்டு, முட்டிக்கு ஆறு. பதினான்கு மாத்திரை, ஏழு கிராம். பெரியவர்களுக்கே 24 மணி நேரத்தில் நான்கு கிராம், அதாவது எட்டு மாத்திரைதான் எல்லை. அதற்கு மேல் போனால் கல்லீரல் கெடலாம்.

டாக்சி பிடித்து மருத்துவமனைக்கு அழைத்துப் போனோம். ரத்தம் எடுத்தார்கள், ஓர் இரவு வைத்திருந்தார்கள். நல்ல வேளையாகக் கல்லீரலுக்கு ஒன்றும் ஆகவில்லை. இளம் மருத்துவர் ஒருவர், "வீட்டில் இருக்கிறவர்கள் கவனிக்க வேண்டாமா?" என்று என்னைத் திட்டினார். நான் எதிர்வீடு என்று சொல்ல வாய் வரவில்லை, கேட்டுக்கொண்டேன்.

ஏன் இரண்டையும் சேர்த்துச் சாப்பிட்டீர்கள் என்று மறுநாள் கேட்டேன். மக்சிக் என்னைக் குழந்தையைப் பார்ப்பது போலப் பார்த்தார். "இது சளிக்கு, அது முட்டிக்கு. நிறமே வேறு, பார்க்கவில்லையா?" என்றார்.

நீ அனுப்பிய படம் அதற்கு இரண்டு வாரம் கழித்து வந்தது. என் வயிறு ஏன் கலங்கியது என்று இப்போது புரியும்.

உன் கூட்டத்தில் தனியாக எழுந்து மறுத்துப் பேசுவது எளிதல்ல என்று எனக்குத் தெரியும். மக்சிக் கதையைச் சொன்னால் பாவம் என்பார்கள், அடுத்த பக்கத்துக்குப் போய்விடுவார்கள். அவர்களுக்குப் புரிகிற மொழியில் சொல். நீ இருக்கும் ஆஸ்திரேலியாவிலேயே நூரோஃபென் என்கிற வலி மாத்திரை நிறுவனம் இதைச் செய்து மாட்டிக்கொண்டது. முதுகுவலி, மாதவிடாய் வலி, ஒற்றைத் தலைவலி, இறுக்கத் தலைவலி என்று நான்கு பெட்டி. நான்கிலும் அதே 342 மில்லிகிராம் இபுபுரோஃபென் லைசின். விலை சாதாரணப் பெட்டியைப் போலக் கிட்டத்தட்ட இரு மடங்கு. இது வாங்குவோரைத் தவறாக எண்ணவைக்கிறது என்று 2015 டிசம்பரில் நீதிமன்றம் சொன்னது. 1.7 மில்லியன் ஆஸ்திரேலிய வெள்ளி அபராதம் போதாது என்று மேல்முறையீடு போய், 2016 இறுதியில் அது 6 மில்லியன் ஆனது. இந்தத் தாளை மேசையில் வைத்தால் உன் மேலாளர் அடுத்த பக்கத்தைப் புரட்டமாட்டார்.

நான் கேட்பது பெரிதல்ல. ஒரே பெட்டி போடுங்கள். முன்பக்கத்தில் உங்கள் பெயர் எவ்வளவு பெரிதோ அவ்வளவு பெரிதாகப் பாராசிட்டமால் என்று எழுதுங்கள். சளி மாத்திரையிலும் இது இருக்கலாம், சேர்த்துச் சாப்பிடாதீர்கள் என்று நான்கு மொழியில் ஒரு வரி. படம் உன் இஷ்டம், புலியோ கோடாலியோ.

இன்று காலை ஒன்று செய்தேன், கோபித்துக்கொள்ளாதே. உன் நான்கு படங்களையும் கடையில் வண்ணத்தில் அச்செடுத்து, வெட்டி, மடித்து, பசை ஒட்டிப் பெட்டியாக்கி மக்சிக் முன்னால் வரிசையாக வைத்தேன். ஒன்றும் சொல்லவில்லை. மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஒவ்வொன்றாகத் திருப்பிப் பார்த்தார். சிவப்பைத் தள்ளிவைத்துவிட்டு மற்ற மூன்றையும் தன் பக்கம் இழுத்துக்கொண்டார்.

"எனக்குத் தலைவலி இல்லை. இந்த மூன்றும் சேர்த்து எவ்வளவு?" என்று கேட்டார்.

அன்புடன்,
அப்பா